1964 புயலில் தப்பியவர்களைப் பேட்டி எடுத்துப் படம் பண்ணப் போகிறேன், வழி சொல்லுங்கள்

உப்புக்காற்று எழுதியது:

வணக்கம். ராமநாதபுரம் பக்கத்துக்காரன். ஆறு வருஷமாகக் கல்யாணம், காதுகுத்து, திருவிழா என்று கேமரா பிடிக்கிறேன். பேட்டிப் படம் இதுவரை எடுத்ததில்லை.

1964 டிசம்பர் 22 ராத்திரி தனுஷ்கோடியில் இருந்து பிழைத்தவர்களைப் பேசவைத்து, 50 நிமிஷத்துக்கு ஒரு படம் எடுக்க ஆசை. அன்றைக்குப் பத்து வயசுப் பிள்ளையாக இருந்தவருக்கே இப்போது எழுபது தாண்டிவிட்டது. போன ஆடியில் ராமேஸ்வரம், தங்கச்சிமடம், பாம்பன் என்று அலைந்து ஒன்பது பேர் பட்டியல் போட்டேன். இன்றைக்கு அதில் ஏழு பேர்தான் இருக்கிறார்கள். இனியும் தள்ளிப்போட மனசு வரவில்லை.

கையில் இருப்பது: ஒரு மிரர்லெஸ் கேமரா, 50 எம்எம் லென்ஸ், ஒரு நல்ல போன், வயர்லெஸ் காலர் மைக் இரண்டு, சின்ன எல்இடி லைட் ஒன்று. ஆள் மூன்று பேர். நாலு நாள் திட்டம், ஒரு நாளைக்கு இரண்டு பேர். எல்லாரையும் தனுஷ்கோடிக்குக் கூட்டிப்போய், இடிந்த சர்ச் பின்னால் தெரிய உட்காரவைக்கலாம் என்று நினைக்கிறேன். 32 கேள்வி டைப் பண்ணி வைத்திருக்கிறேன். அதை முன்கூட்டியே அவர்கள் வீட்டில் கொடுத்துவிடலாமா? டிரோன் ஷாட்டும் வேண்டும்.

எங்கே தப்பு செய்கிறேன் என்று சொல்லுங்கள்.

எடிட்மேசை எழுதியது:

தம்பி, முதலில் அந்த 32 கேள்வித்தாளை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். கொடுக்கவும் வேண்டாம், கையில் வைத்துக்கொள்ளவும் வேண்டாம். நான் எடிட்டர். பேட்டி எடுப்பவர் தாளைப் பார்க்கக் குனிகிற அந்த இரண்டு நொடியில் எதிரில் இருப்பவர் முகம் மூடிக்கொள்வதை ஆயிரம் தடவை டைம்லைனில் பார்த்தவள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்திருப்பார். நீங்கள் அடுத்த கேள்வியைத் தேடியிருப்பீர்கள். அது போனால் போனதுதான்.

முழுக் கேள்வியையும் மனப்பாடம் பண்ணச் சொல்லவில்லை. ஐந்து வார்த்தை போதும். புயலுக்கு முந்தின நாள், ராத்திரி, விடிந்தது, எங்கே போனார்கள், இப்போது. உள்ளங்கையில் எழுதிக்கொண்டால்கூடச் சரி. மிச்சமெல்லாம் அவர் சொல்வதிலிருந்தே கிளைக்கும்.

புயலிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். உங்கள் படம் பார்க்கிற யாருக்கும் தனுஷ்கோடி எப்படி இருந்தது என்று தெரியாது. ரயில் ஸ்டேஷன், துறைமுகம், போஸ்ட் ஆபீஸ், இலங்கையில் இருக்கிற தலைமன்னாருக்குக் கப்பல் ஏற வந்த கூட்டம் என்று ஓர் ஊர் இருந்தது. அந்த ஊர் மனசில் எழும்பினால்தான் அது போனது வலிக்கும். 50 நிமிஷத்தில் 20 நிமிஷம் ஊருக்கே கொடுக்கலாம்.

கேள்வியைச் சின்னதாகக் கேளுங்கள். "அந்த ராத்திரி உங்க மனநிலை எப்படி இருந்துச்சு?" என்றால் "என்னத்தச் சொல்ல, ரொம்பக் கஷ்டந்தான்" என்றுதான் பதில் வரும். "அன்னைக்கு ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?" "வீட்ல என்ன விளக்கு எரிஞ்சது?" "தண்ணி முதல்ல எந்தப் பக்கத்திலிருந்து வந்துச்சு?" இப்படிக் கேட்டால் அவரே அந்த வீட்டுக்குள் போய்விடுவார், நீங்கள் பின்னால் போனால் போதும்.

இன்னொன்று, ஆமா, இல்லை என்று முடிகிற கேள்வியே வேண்டாம். "அப்ப உங்களுக்கு பத்து வயசா?" "ஆமா." இதை வைத்து நான் எதையும் ஒட்ட முடியாது. உங்கள் குரல் படத்தில் வரப்போவதில்லை என்றால், பதில் தனியாக நிற்கவேண்டும். "இதப்பத்திக் கேள்விப்பட்டே இராத ஆளுக்குச் சொல்ற மாதிரி முதல்லேருந்து சொல்லுங்க தாத்தா" என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள்.

ஒலிக்காரர் மதுரை எழுதியது:

எடிட்டர் அம்மா சொன்னது அத்தனையும் சரி. நான் காது பக்கம் மட்டும் சொல்கிறேன். படம் கொஞ்சம் கலங்கலாக இருந்தாலும் ஜனங்கள் பார்ப்பார்கள். பேச்சு புரியவில்லை என்றால் ஒரு நிமிஷத்தில் மூடிவிடுவார்கள்.

தனுஷ்கோடியில் வைத்துப் பேட்டி வேண்டாம், தம்பி. ஒரு பக்கம் பெண்கடல், ஒரு பக்கம் ஆண்கடல், நடுவில் மறைப்பே இல்லாத மணல். வாடை அடித்தாலும் கச்சான் அடித்தாலும் மைக்கில் காற்றுத்தான் இருக்கும். மைக்குக்கு மயிர்த்தொப்பி போட்டால் ஓரளவு தாங்கும், பலத்த காற்றுக்கு அதுவும் போதாது. இதைவிடப் பெரிய தொல்லை அலை. ஒரு வாக்கியத்தை நடுவில் வெட்டி அடுத்ததோடு சேர்க்கும்போது பின்னால் எழும்பிக்கொண்டிருந்த அலையும் வெட்டுப்படும். அந்த வெட்டைக் காது உடனே பிடித்துவிடும். பேட்டியை வீட்டில் எடுங்கள். தனுஷ்கோடிக்கு அவர்களைத் தனியாக ஒரு நாள், நடக்க முடிகிறவர்களை மட்டும், விடியற்காலையில் கூட்டிப் போங்கள். அங்கே அவர்கள் பேசாமல் நின்றாலே போதும்.

வீட்டில் எடுக்கும்போது சீலிங் ஃபேன், ஃப்ரிட்ஜ் இரண்டும் எதிரி. ஃபேனை நிறுத்தினால் பெரியவருக்கு வேர்க்கும். அதனால் காலை ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதுக்குள் முடிப்பது நல்லது. ஃப்ரிட்ஜை அணைத்தால் வண்டிச் சாவியை அதற்குள் வையுங்கள். சாவி எடுக்கத் திறக்கும்போது திரும்பப் போட ஞாபகம் வரும். பல வீட்டு ஃப்ரிட்ஜில் இன்சுலின் இருக்கிறது, இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

காலர் மைக்கை மார்பில், வாயிலிருந்து ஒரு சாண் கீழே மாட்டுங்கள். பாட்டிமார் என்றால் சேலைத் தலைப்பில் குத்தினால் அது நகரும்போதெல்லாம் உரசும். ரவிக்கை ஓரத்தில் குத்துவதுதான் சரி. அதை நீங்கள் செய்யக்கூடாது, அவர் மகளோ மருமகளோ செய்யட்டும், நீங்கள் திரும்பி நின்றுகொள்ளுங்கள். கழுத்துச் சங்கிலி மைக்கில் இடிக்கிறதா என்று ஹெட்போனில் கேளுங்கள். வளையல் சத்தம் வரும், வரட்டும். கையாட்டிப் பேசுகிறவர் கையில் இருப்பதைக் கழற்றச் சொன்னால் அப்புறம் அவர் கையே பேசாது.

ஒவ்வொரு இடத்திலும், எல்லாரும் வாய்மூடி உட்கார்ந்திருக்க, ஒரு முழு நிமிஷம் சும்மா பதிவு செய்யுங்கள். அறையின் மௌனத்துக்கும் ஒரு சத்தம் உண்டு. வெட்டுகளுக்கு நடுவில் அடைக்க அதுதான் பஞ்சு.

ஹெட்போன் போட ஓர் ஆள் தனியாக வேண்டும். அவருக்கு வேறு வேலை கொடுக்கக்கூடாது. பதிவாகும் ஒலியின் லெவல் சராசரியாக மைனஸ் 12 டெசிபல் பக்கம் நிற்கட்டும். கிழவர்கள் மெதுவாகப் பேசிக்கொண்டே இருந்து, அலை வந்ததைச் சொல்லும்போது திடீரென்று கத்துவார்கள். அந்த இடத்தில்தான் ஒலி உடையும், அந்த இடம்தான் உங்களுக்கு வேண்டும்.

வடகரை எழுதியது:

டிரோன் பற்றி மட்டும். அது கடல் எல்லை. உச்சிப்புளியில் கடற்படையின் ஐஎன்எஸ் பருந்து விமானத்தளம் இருக்கிறது. அனுமதி எழுத்தில் கையில் இல்லாமல் டிரோனைப் பையிலிருந்து வெளியே எடுக்காதீர்கள். அது இல்லாமலே படம் எடுக்க முடியும்.

பேசாலைப் பெண் எழுதியது:

வணக்கம். நான் மன்னார். உங்கட ஊரும் எங்கட ஊரும் ஒரே கடல். அதே புயல் எங்கட வடக்கைத் தாண்டித்தான் உங்கட பக்கம் வந்தது. தலைமன்னார் இறங்குதுறையில வேலை செய்த ஆக்கள் இஞ்சையும் ஒரு சிலர் இருக்கினம்.

நான் கன வருசமா யுத்தத்தில பிள்ளையளைத் துலைச்ச அம்மாமாரோட கதைச்சுப் பதிவு செய்து வாறன். அதில படிச்ச சிலதைச் சொல்லுறன், தம்பி.

அழுகைக்காகக் காத்திருக்காதேங்கோ. அவை அழத் தொடங்கினா லென்ஸைக் கிட்டக் கொண்டு போகாதேங்கோ. இருந்த இடத்திலயே இருக்கட்டும். கமராவை நிப்பாட்டவோ எண்டு ஒருக்காக் கேளுங்கோ. கேட்டாலே போதும், அநேகமா வேண்டாம் எண்டுதான் சொல்லுவினம். ஆனா நிப்பாட்டச் சொன்னா உண்மையா நிப்பாட்டோணும், சிவப்பு லைட் அணைஞ்சது அவைக்குத் தெரியோணும்.

கதை முடிஞ்ச உடன மைக்கைக் கழட்டிக்கொண்டு வெளிக்கிடாதேங்கோ. அந்த இரவுக்கு நீங்கள்தான் அவையைக் கூட்டிக்கொண்டு போனனீங்கள், நீங்கள்தான் திருப்பிக் கொண்டுவரோணும். கமரா ஓடிக்கொண்டிருக்கேக்கையே பேரப்பிள்ளையைப் பற்றிக் கேளுங்கோ, இண்டைக்கு என்ன கறி எண்டு கேளுங்கோ. பிறகு ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரமாவது இருந்திட்டு வாங்கோ. ஒரு நாளைக்கு ரெண்டு பேர் எண்டது கூட. ஒராளோட நிப்பாட்டுங்கோ.

வடகரை எழுதியது:

ஒரு விஷயத்தில் எனக்கு மாற்றுக்கருத்து உண்டு. முன்சந்திப்பு இல்லாமல் போகக்கூடாது. நான் பத்திரிகையில் இருந்தவன். யாரிடம் என்ன இருக்கிறது என்று தெரியாமல் கேமராவோடு போனால், முக்கால் மணி நேரம் பேசிய பிறகுதான் அவர் அன்றைக்கு ஊரிலேயே இல்லை, மண்டபத்தில் இருந்தார் என்று தெரியவரும். முதலில் போய் முழுக்கதையையும் கேட்டுக் குறித்துக்கொண்டு, பிறகு கேமரா.

எடிட்மேசை எழுதியது:

முன்சந்திப்பு வேண்டும், ஆனால் முழுக்கதை கேட்கக்கூடாது ஐயா. ஒரு மனுஷர் ஒரு விஷயத்தை உங்களிடம் முதல் தடவை சொல்லும்போது அவரே அதைத் தேடிக்கொண்டு சொல்வார். அடுத்த நாள் கேமரா முன்னால் "நான்தான் நேத்தே சொன்னேனே" என்று சுருக்கிவிடுவார். அந்த "நேத்தே சொன்னேனே" எத்தனை பேட்டியைக் கொன்றிருக்கிறது தெரியுமா? முதல் நாள் போய்க் காப்பி குடியுங்கள், ஊர் பெயர், சொந்தக்காரர், உடம்பு, காது கேட்கிறதா, எந்த நேரம் தெம்பாக இருப்பார் என்று பாருங்கள். அன்றைக்கு எங்கே இருந்தீர்கள் என்று மட்டும் கேளுங்கள். அதற்கு மேல் அவர் தொடங்கினால், "இதைக் கேமராவுல கேட்டுக்கிறேன் அப்பத்தா, எனக்கும் புதுசா இருக்கட்டும்" என்று நிறுத்துங்கள்.

காது கேட்பதைச் சும்மா சொல்லவில்லை. வலது காது மந்தம் என்றால் நீங்கள் இடது பக்கம் உட்காரவேண்டும். நீங்கள் உட்காரும் பக்கம்தான் அவர் பார்வை திரும்பும். அதை வைத்துத்தான் ஃபிரேமில் எந்தப் பக்கம் இடம் விடுவது, ஜன்னல் வெளிச்சம் எந்தக் கன்னத்தில் விழுவது எல்லாமே. ஏழு பேரும் ஒரே பக்கம் பார்த்தால் படம் சலிக்கும், பாதிப்பேர் அந்தப் பக்கம் பார்த்தால் ஒருவருக்கொருவர் பேசுவதுபோல் வெட்டலாம். ஆனால் காதுதான் முதலில்.

வடகரை எழுதியது:

அன்றைக்கு எங்கே இருந்தார் என்பது வரை கேட்டால் எனக்குப் போதும். ஒத்துக்கொள்கிறேன்.

உப்புக்காற்று எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நாலு நாளை ஏழு நாளாக்கிவிட்டேன். மார்ச்சில் போகிறேன், அப்போது காற்று கொஞ்சம் அடங்கியிருக்கும்.

இரண்டு சந்தேகம். ஒன்று, இந்த ஏழு பேரில் மூன்று பேர் ஏற்கெனவே நிறைய யூடியூப் சேனலுக்குப் பேசியிருக்கிறார்கள். போனில் இரண்டு நிமிஷம் பேசியதிலேயே தெரிந்துவிட்டது, வரிக்கு வரி அதே கதை, அதே இடத்தில் பெருமூச்சு. அதில் ஒரு பாட்டிக்கு வருத்தம் வேறு. ஒரு சேனல் அவர் கண்ணைத் துடைக்கிற படத்தைப் பெரிதாக்கி, "கதறும் மூதாட்டி" என்று தலைப்புப் போட்டு விட்டிருக்கிறது. அவர் கதறவே இல்லை, கண்ணில் புரை. பேரன்மார் கேட்டதில் அவருக்கு அவமானமாகிவிட்டது. இனி யாருக்கும் பேசமாட்டேன் என்கிறார்.

இரண்டு, பணம் கொடுக்கலாமா?

பேசாலைப் பெண் எழுதியது:

அந்த அம்மாவிட்ட கமரா இல்லாமப் போங்கோ. என்ன தலைப்பு வைப்பன், எந்தப் படத்தை முகப்பில போடுவன் எண்டு இப்பவே சொல்லுங்கோ. வெளியிட முதல் அவவுக்கும் பேரப்பிள்ளையளுக்கும் போட்டுக் காட்டுவன் எண்டு சொல்லுங்கோ, காட்டவும் வேணும். பிறகும் மாட்டன் எண்டா விடுங்கோ. கைநாட்டு வாங்கின தாளை மட்டும் சம்மதம் எண்டு நினைக்காதேங்கோ. எங்க போகப்போகுது, ஆர் பார்ப்பினம், பிறகு எடுக்கச் சொல்ல ஏலுமோ, இதெல்லாம் விளங்கிச் சம்மதிக்கிறதைக் கமராவிலயே பதிஞ்சு வையுங்கோ.

வடகரை எழுதியது:

பணம்: சொன்ன கதைக்குக் காசு கொடுக்கக்கூடாது என்பதுதான் நான் படித்த பாடம். காசு வாங்கியவர் காசுக்குத் தக்க கதை சொல்லவேண்டிய கட்டாயத்துக்குள் போய்விடுவார்.

ஒலிக்காரர் மதுரை எழுதியது:

அது மாதச் சம்பளம் வாங்குகிறவரைப் பேட்டி எடுப்பதற்குச் சரி. இங்கே ஒரு பாட்டி காலையில் கருவாடு விற்கப் போனால்தான் அன்றைக்கு உலை கொதிக்கும். அவருடைய அரை நாளை நாம் எடுத்துக்கொள்கிறோம், கேமராவுக்கும் லென்ஸுக்கும் வாடகை கொடுக்கிறோம், அவருக்கு மட்டும் தேநீர் என்றால் அது நியாயமில்லை. எல்லாருக்கும் ஒரே தொகை, முந்தின நாளே, வீட்டில் இன்னொருத்தர் பார்க்கக் கொடுங்கள். என்ன பேசினாலும், பேசவே இல்லை என்றாலும் அது அவருடையது. படத்தின் கடைசியிலும் எழுதிப் போடுங்கள், மறைக்க ஒன்றுமில்லை.

எடிட்மேசை எழுதியது:

பழகிப்போன கதைக்கு வழி உண்டு. அவர் சொல்லிமுடிக்கட்டும், குறுக்கே போகாதீர்கள். பத்து நிமிஷம் ஓடட்டும். அதைச் சொல்லி முடித்த பிறகுதான் அவர் உங்களைப் பார்ப்பார். அப்போது இதுவரை எந்தச் சேனலும் கேட்டிருக்காததைக் கேளுங்கள்.

எனக்கு ஒன்று தோன்றுகிறது. புயலில் சேதமான பாம்பன் பாலத்தை ரயில்வே என்ஜினியர் ஈ. ஸ்ரீதரன் மேற்பார்வையில் 46 நாளில் சரிசெய்துவிட்டார்கள். ராமேஸ்வரத்துக்கு ரயில் திரும்ப வந்துவிட்டது. தனுஷ்கோடிக்கு வரவே இல்லை, ஊரையே வாழத் தகுதியற்றது என்று அரசு அறிவித்துவிட்டது. பாலத்தில் ரயில் ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, நம்ம ஊருக்கும் வரும் என்று எவ்வளவு நாள் காத்திருந்தார்கள்? "இனிமே வராது"ன்னு எப்பத் தெரிஞ்சது, யாரு சொன்னா? இதை அவர்களிடம் கேளுங்கள்.

கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். பதில் முடிந்ததும் மனசுக்குள் ஐந்து எண்ணுங்கள். "ம்ம்", "அப்படியா", "அடடா" எதுவும் வேண்டாம், அதெல்லாம் அவர் குரல்மேல் ஏறி உட்கார்ந்துவிடும், பிறகு என்னால் பிரிக்க முடியாது. தலையை மட்டும் அசையுங்கள். மௌனத்தை அவரே நிரப்புவார், நிரப்பும்போது வருவதுதான் பெரும்பாலும் படத்தில் நிற்கும்.

முத்துக்குளி எழுதியது:

கூட்டத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. நான் தூத்துக்குடிப் பக்கம் உப்பளத் தொழிலாளர்களை எடுத்தபோது பட்ட பாடு. கேமராவைப் பார்த்ததும் தெருவே திரண்டுவிடும். மகன் பக்கத்தில் நின்று "அதச் சொல்லும்மா, அந்த மேட்டுல ஏறினதச் சொல்லு" என்று எடுத்துக்கொடுப்பார். அந்தம்மா மகன் முகத்தைப் பார்த்துக்கொண்டே பேசுவார். விரட்டவும் முடியாது, அவர்கள் வீடு அது. மூன்று பேரில் ஒருவரை அந்தக் கூட்டத்துக்கென்றே ஒதுக்குங்கள். அவர் திண்ணையில் உட்கார்ந்து மகனிடம் தனியாகக் கதை கேட்கட்டும், போனில் பதிவும் பண்ணட்டும். மகனுக்கும் சொல்ல ஒரு கதை இருக்கும், அவரும் அந்தப் புயலோடு வளர்ந்தவர்தானே.

அப்புறம், பாயில் உட்கார்ந்து பேசிப் பழகியவரை நாற்காலியில் ஏற்றாதீர்கள். கேமராவைத் தரைக்கு இறக்குங்கள், நீங்களும் பாயில் உட்காருங்கள். லென்ஸ் அவர் கண் மட்டத்தில் இருக்கட்டும். கால் மடக்க முடியாதவருக்கு மட்டும் நாற்காலி.

வடகரை எழுதியது:

சரிபார்ப்பது பற்றி. 61 வருஷம் என்பது நினைவுக்கு ரொம்ப நீளம். பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்கு வந்த பாசஞ்சர் ரயில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு கடலுக்குள் போனதை இன்றைக்கு எல்லாருமே "பார்த்தேன்" என்பார்கள். இருட்டிலும் மழையிலும் பார்த்திருக்க வாய்ப்புக் குறைவு. பொய் சொல்கிறார்கள் என்று பொருளில்லை, மறுநாள் கேட்டது வருஷக்கணக்கில் கண்ணால் கண்டதாக உறைந்துவிடும். "நீங்களே பாத்ததா, யாரும் சொல்லிக் கேட்டதா?" என்று மரியாதையாக ஒரு தடவை கேளுங்கள், அந்தப் பதிலையும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த வாரத்துப் பத்திரிகைகளைச் சென்னையில் கன்னிமாரா நூலகத்திலோ, ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலோ தேடுங்கள். எண்ணிக்கை எதையாவது திரையில் எழுதப் போகிறீர்கள் என்றால் அது எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

ஒலிக்காரர் மதுரை எழுதியது:

கிளம்புமுன் கடைசியாகச் சில: நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் நொடியில் 50இல் ஒரு பங்கு. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், வேறு வைத்தால் டியூப்லைட் படத்தில் துடிக்கும். போனையும் அதே 25இல் பூட்டுங்கள். சில கேமரா 29 நிமிஷம் 59 நொடியில் தானாக நின்றுவிடும், உங்களுடையது எப்படி என்று வீட்டிலேயே ஓட்டிப் பாருங்கள். இரண்டு கருவியின் பதிவையும் பிறகு பொருத்துவதற்கு ஆரம்பத்தில் ஒரு கைதட்டல், முடிவில் ஒரு கைதட்டல். இரண்டு கருவியும் ஒரு மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக விலகிப்போகும்.

கார்டு கணக்குப் போடுங்கள். 4கே-யில் நொடிக்கு 100 மெகாபிட் என்றால் ஒரு மணிக்கு 45 ஜிபி. ஏழு பேர், ஆளுக்கு ஒன்றரை மணி, இரண்டு கேமரா என்றால் 21 மணி நேரம், கிட்டத்தட்ட 950 ஜிபி. அதை இரண்டு ஹார்ட் டிஸ்கில் போடவேண்டும். இரண்டும் ஒரே பையில் ஊர் திரும்பக்கூடாது.

உப்புக்காற்று எழுதியது (ஏழு வாரம் கழித்து):

முடிந்தது. ஏழு பேரில் ஆறு பேர். ஒருவர் அன்றைக்குக் காலையில் வாசலில் நின்றே "வேணாம்பா" என்றார். பணத்தைத் திருப்பி வாங்கவில்லை. அரை மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு வந்தோம், கேமரா வண்டியிலேயே இருந்தது.

முதல் நாளே ஒரு பிழை. ஹெட்போன் போட்ட தம்பி கூட்டத்தைப் பார்க்கப் போன நேரத்தில் காலர் மைக்கின் டிரான்ஸ்மிட்டர் பேட்டரி போய்விட்டது. பதினெட்டு நிமிஷம். கேமராவின் சொந்த மைக்கில் பதிவானது இருக்கிறது, தூரத்தில் கேட்கிற மாதிரி. அதில்தான் அந்தத் தாத்தா தண்ணீர்த் தொட்டிமேல் ஏறியதைச் சொல்கிறார். அதை மறுபடி சொல்லச் சொல்லி நான் கேட்கவில்லை. திரையில் அடியில் எழுத்துப் போட்டு அப்படியே வைக்கப்போகிறேன். மறுநாளிலிருந்து ஹெட்போன் ஆள் அசையவே இல்லை, நேரத்துக்கு நேரம் பேட்டரி மாற்றினோம்.

"கதறும் மூதாட்டி" பாட்டியிடம் மூன்று தடவை கேமரா இல்லாமல் போனேன். மூன்றாவது தடவை அவரே, "அந்த டப்பாவக் கொண்டாந்தியா?" என்று கேட்டார். வழக்கமான கதையைப் பதினோரு நிமிஷத்தில் சொல்லிமுடித்தார். நான் சும்மா இருந்தேன். எடிட்டர் அக்கா சொன்ன மாதிரி ஐந்து எண்ணினேன், பத்தும் எண்ணிவிட்டேன். பிறகு அந்த ரயிலைப் பற்றிக் கேட்டேன், எவ்வளவு நாள் காத்திருந்தீங்க என்று.

ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. வாசலுக்கு எழுந்து போனார். மைக் மாட்டியபடியே போனார், போனைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். மணலில் உட்கார்ந்து விரலால் ஒரு நீளக்கோடு போட்டார், அது தண்டவாளம். அதற்குக் குறுக்கே ஸ்டேஷன். இந்தப் பக்கம் கடைத்தெரு, அந்தப் பக்கம் கோயில், சர்ச், பள்ளிக்கூடம். ஒவ்வொரு வீடாகக் குழி குத்திக்கொண்டே பெயர் சொன்னார், யார் வீடு, என்ன தொழில், எத்தனை பிள்ளை. நாற்பத்தொரு வீடு. சில குழியைக் குத்திவிட்டு உடனே விரலால் மூடினார். ஏன் மூடினார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கடைசியாகக் கோட்டின் முனையில் ஒரு சிப்பியை வைத்து, ரயில் இதுவரைக்கும் வந்துச்சு என்றார். காத்திருந்தது இரண்டு வருஷம். தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துப் போவதைப் பார்த்த அன்றைக்குத்தான் விட்டாராம்.

போனில், வெயிலில், கை நடுங்க எடுத்த இருபத்திரண்டு நிமிஷம். வெளிச்சம் சரியில்லை. படத்தின் நடு அதுதான் என்று இப்போதே தெரிகிறது.

எடிட்மேசை எழுதியது:

அந்த இருபத்திரண்டு நிமிஷத்தில் ஒரு வெட்டுகூடப் போடாதீர்கள் என்று சொல்லத் தோன்றுகிறது. முழுசாகப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். எல்லாப் பேட்டியையும் முதலில் தாளில் எழுதி எடுங்கள். அவர்கள் பேச்சு எப்படியோ அப்படியே, திருத்தாமல். மெஷின் அந்தக் கடற்கரைப் பேச்சைப் பிடிக்காது, கையால்தான் எழுதவேண்டும். ஒரு மணி நேரப் பேச்சுக்கு எனக்கு ஆறு மணி நேரம் பிடிக்கும். பிறகு கத்தரித்துத் தரையில் பரப்பி ஒழுங்குபடுத்துங்கள். கம்ப்யூட்டரைத் திறப்பது அதற்கப்புறம். அந்த நாற்பத்தொரு வீட்டுப் பெயரும் மற்ற ஐந்து பேர் பேச்சில் எங்கே வருகிறது என்று குறியுங்கள், அங்கங்கே கோடு தானாகச் சேரும்.

பேசாலைப் பெண் எழுதியது:

வாசிச்சிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தன், தம்பி.

அந்தக் கோட்டின்ர மற்ற முனை இஞ்சை இருக்கு. அங்க ரயிலால இறங்கின சனம் கப்பலேறி எங்கட துறையிலதான் வந்து இறங்கினது. தலைமன்னாரில ஒரு ஐயா இருக்கிறார், எண்பத்தாறு வயசு. கப்பல் வராத அந்தக் காலமை துறையில நிண்டவர். நான் அவரை எடுக்கட்டோ?

உப்புக்காற்று எழுதியது:

எடுங்கள் அக்கா. 25 ஃபிரேம், ஒலி 48 கிலோஹெர்ட்ஸ். பாட்டி வடக்குப் பார்த்து, ஃபிரேமில் வலது பக்கம் பார்த்துப் பேசுகிறார். ஐயாவுக்கு எந்தக் காது கேட்கும் என்று முதலில் பாருங்கள், முடிந்தால் இடது பக்கம் பார்க்கட்டும்.